அண்ணன் பார்த்த கீச்சான்

1

எனக்குக் கார் ஓட்டும் ஆசை வந்ததற்குக் காரணம் காட்டு வாத்துகள். மேற்கு ஜெர்மனியில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் இந்தச் சின்ன ஊரிலிருந்து கொஞ்ச தூரம் வண்டியில் போனால் ரைன் ஆற்றங்கரைப் புல்வெளிகள் வந்துவிடும். குளிர்காலம் தொடங்கியதும் வடக்கேயிருந்து வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து அங்கே இறங்கும். குளிர் முடிகிறபோது கிளம்பிவிடும். வரும்போது ஒரு தடவையும் போகும்போது ஒரு தடவையும் அவற்றைப் பார்க்காவிட்டால் அந்த வருடமே எனக்குக் கணக்கில் சேராது. என் வார்டில் வேலை செய்யும் உர்சுலாதான் அவளுடைய குட்டிக் காரில் கூட்டிப் போவாள். எத்தனை காலம் அவளுடைய லீவுக்காகக் காத்துக் கிடப்பது? நானே ஓட்டினால் என்ன? நினைத்த மறுநாளே லைசென்ஸ் ஆபீசில் போய் நின்றேன். நினைத்ததை உடனே செய்யாவிட்டால் எனக்கு உள்ளங்கை அரிக்கும்.

"செல்வி சின்னப்பன்!" என்று கூப்பிட்டார்கள். சின்னப்பன் என் அப்பா. இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்தாக வேண்டுமாம். என் பெயர் ரோஸ்மேரி என்றால் பின்னால் இன்னொன்று கேட்கிறார்கள். அப்பா பெயரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அதிலிருந்து யாராவது அப்படிக் கூப்பிட்டால், கம்பைநல்லூரிலிருந்து அப்பாவே தலைப்பாகையோடு வந்துவிட்டாரோ என்று ஒரு நொடி திரும்பிப் பார்ப்பேன்.

கண் டாக்டரின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கண்ணுக்கா சான்றிதழ்? டாக்டரின் அறையில் எழுத்துப் பலகையின் கடைசி வரியை மூச்சு விடாமல் படித்துவிட்டு, அதற்கும் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தேன். அவர் பாராட்டவில்லை. உள்ளே நுழையும்போது கோட்டு மாட்டும் கம்பத்தில் என் தோள் இடித்ததை அவர் பார்த்திருக்கிறார்.

விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். நடுப்புள்ளியைவிட்டுக் கண் நகரக் கூடாது. ஓரத்தில் எங்காவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு இது ஒரு விளையாட்டாகவே பட்டது. பொட்டு எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை வருகிறது என்ற தாளம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் நிறுத்தினார். "செல்வி சின்னப்பன், கடைசியாக நீங்கள் அழுத்தியபோதெல்லாம் நான் வெளிச்சத்தைக் காட்டவே இல்லை. நீங்கள் எதைப் பார்த்து அழுத்துகிறீர்கள்?"

 இருட்டில், அந்தக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தபடியே பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். இல்லாததை இருப்பதாகச் சொன்ன இன்னொரு ஆளை எனக்குத் தெரியும். என் அண்ணன் சவரிமுத்து. அவனுக்கு என்ன ஆனது என்பதும் தெரியும்.

2

அண்ணன் லாரி ஓட்டினான். கம்பைநல்லூர் மண்டிக்காரர் ஒருவரின் லாரி. மாங்காய்க் காலத்தில் மாங்காய், பனிக்காலத்தில் நிலக்கடலை மூட்டை, அதற்கப்புறம் புளி. காரிமங்கலத்தில் பெரிய ரோட்டைப் பிடித்தால் காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர். நான் தர்மபுரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். கோடை லீவிலும் கிறிஸ்துமஸ் லீவிலும் அந்த லாரியில் ஏறிவிடுவேன்.

"வயசுப் பொண்ணு லாரியில ஏறிப் போனா ஊரு என்னாடி சொல்லும்?" என்று அம்மா கத்துவாள்.

"கூடப் பொறந்தவன்கூடத்தான போவுது? ஊரு ஒண்ணும் சொல்லாது. ஏறு ரோசு" என்பான் அண்ணன்.

எங்களுக்கு ஒரு ஆட்டம் இருந்தது. ரோட்டோரம் தெரிகிற பறவையை யார் முதலில் பேர் சொல்கிறார்களோ பறவை அவர்களுக்குச் சொந்தம். தோற்றவர் ஓசூரில் வடை வாங்கித் தர வேண்டும். நான் தோற்றாலும் காசு அண்ணனுடையதுதான். கம்பியில் பனங்காடை, வயலில் ஆக்காட்டி, மாட்டு முதுகில் கரிச்சான், கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரில் பனிக்காலத்துக்கு மட்டும் வந்து போகும் சிறவி வாத்துக் கூட்டம். நான் ஹாஸ்டல் நூலகத்திலிருந்து பறவைப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொள்வேன். நான் பக்கத்தைப் புரட்டுவதற்குள் அவன் பேரைச் சொல்லிவிடுவான்.

"புக்கைப் பார்த்துக் குருவியக் கண்டுபுடிச்ச ஒரே ஆளு எந்தங்கச்சிதான்" என்று கிளீனர் மாதையனிடம் சொல்லிச் சிரிப்பான்.

மாதையனுக்கு அண்ணன் வயதுதான் இருக்கும். ஓயாமல் வாயடிப்பான். "எருமை வருதுண்ணே லெப்டுல... சைக்கிளு, சைக்கிளு... ரெண்டு பொம்பளைங்க, வெறகுக் கட்டு... கல்லுக் குமிச்சு வெச்சிருக்கானுங்க பாருண்ணே." இந்த ஆளுக்கு வாய் வலிக்காதா என்று நினைத்துக்கொள்வேன். அவன் பேச்சில் என் கவனம் கலைந்து எத்தனையோ பறவைகளைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

ராத்திரி லோடு போவதை அண்ணன் நிறுத்தியிருந்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. பாப்பிரெட்டிப்பட்டிப் பெண், ஜெயராணி. நிச்சயத்தன்று அவள் வைத்திருந்த கனகாம்பரத்தை மாதையன் லாரிக்கு வாங்கிப் போட்ட மாலையோடு ஒப்பிட்டுக் கேலி செய்ய, அண்ணன் அவனைத் தெருவில் துரத்தினான். புது மாப்பிள்ளை ராத்திரியில் வீட்டில் இருக்க ஆசைப்படுகிறான் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

3

அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு நிலக்கடலை லோடோடு கிளம்பினோம். காரிமங்கலம் தாண்டி ஒரு வளைவில் பட்டுப்போன வேலமரம் ஒன்று உண்டு. பனிக்காலம் தவறாமல் அதன் உச்சியில் ஒரு கீச்சான் வந்து உட்காரும். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை கட்டிய சின்னக் குருவி. எங்கிருந்தோ வந்து, வருடா வருடம் அதே கிளையைப் பிடித்துக்கொள்ளும். மாசியில் போய்விடும்.

வளைவு வந்தது. "கீச்சான்! என்னுது!" என்றான் அண்ணன்.

நான் எட்டிப் பார்த்தேன். வேலமரம் இல்லை. ரோட்டை அகலப்படுத்த அந்தப் பக்கம் முழுக்க வெட்டிச் சரித்திருந்தார்கள். சிவப்பு மண், அடிக்கட்டைகள், ஜல்லிக் குவியல்.

"அண்ணா, மரமே இல்லையே!"

 மாதையன் முந்திக்கொண்டான். "பறந்துடுச்சு பாப்பா. இப்பத்தான் பறந்துச்சு."

எதிலிருந்து பறக்கும்?

அதற்குமேல் அந்த ரோடு எனக்கு வேறு ரோடாகிவிட்டது. நான் பறவையைப் பார்க்கவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவன் சொல்லும் ஒவ்வொரு பேரும் போன வருடம் அதே இடத்தில் சொன்ன பேர். பனங்காடைக்கு அந்தக் கம்பி, ஆக்காட்டிக்கு அந்தக் கரம்பு நிலம். வழக்கமான இடத்தில் இருப்பதை மனப்பாடமாகச் சொன்னான். புதிதாக வந்து உட்கார்ந்த எதையும் அவன் சொல்லவில்லை. மாதையனின் வாய் ஏன் ஓயவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சூளகிரியில் டீக்கு நிறுத்தியபோது அவனுக்குப் பக்கவாட்டில் டம்ளரை நீட்டினேன். அவன் கை அதைத் தேடி வரவில்லை.

"எத்தனை நாளா அண்ணா?"

கொஞ்ச நேரம் டீக்கடைப் பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். "நேரா எல்லாம் தெரியுது ரோசு. சுத்தமாத் தெரியுது. ஓரத்துலதான் கொஞ்சம் மூடுது. பொழுது போனா இன்னும் மூடுது."

"வண்டிய விட்டுடு."

"விட்டுட்டு? அந்தப் பொண்ணு வூட்ல என்னா சொல்றது? தை மாசம் கல்யாணம். தாலி கட்டி முடியட்டும், நானே சாவியக் குடுத்துடறேன். அதுவரைக்கும் மூச்சு விடாத. ஏசு மேல சத்தியம் பண்ணு."

நான் சத்தியம் பண்ணவில்லை. பண்ணாமல் இருந்ததை அவன் கவனித்தான் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் திரும்பி வரும்போது கிருஷ்ணகிரிக்கு இந்தப் பக்கம், இடது ஓரத்திலிருந்து ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு ரோட்டில் இறங்கினாள். மாதையன் அப்போது காலடியில் சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயை இழுத்துக் கட்டக் குனிந்திருந்தான். நான்தான் அலறினேன். லாரி குலுங்கி நின்றது. அந்தப் பெண் கையை நீட்டிக் கன்னடத்தில் எங்களைத் திட்டித் தீர்த்தாள். பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்தது.

வீட்டுக்குள் போன கையோடு அப்பாவிடம் சொன்னேன். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் லாரிச் சாவி மண்டிக்காரர் மேசைக்குப் போய்விட்டது. ஊருக்குச் செய்தி தெரிய எவ்வளவு நேரமாகும்? பொங்கலுக்கு முன்பே ஜெயராணியின் அப்பா வந்து, "மன்னிச்சுக்குங்க, ஒத்தப் பொண்ணு" என்று சொல்லிக் கைகூப்பிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேலத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். இது ரத்தத்தில் வருவது, மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்த பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு பேரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் செய்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளையின் சிரிப்பு போதும் எனக்கு. ஆனால் அதே கன்னியாஸ்திரிகள் வழியாக ஜெர்மனிக்கு நர்ஸ் படிக்க நான் கிளம்பிய நாளில், தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வரை அம்மா வந்தாள், அப்பா வந்தார், மாதையன்கூட வந்து பெட்டியைத் தூக்கி மேலே போட்டான். அண்ணன் வரவில்லை.

4

இங்கே வந்த புதிதில் மொழி என்னை நன்றாகச் சிரிக்கவைத்தது. இந்த மொழியிலும் நம்மைப் போலவே மரியாதைக்கு ஒரு பேச்சு, நெருக்கத்துக்கு ஒரு பேச்சு உண்டு. யாரைப் பார்த்தாலும் 'ங்க' போட்டுப் பழகியவள் நான். குழந்தைகள் வார்டில் பால்குடி மறக்காத குழந்தையிடம்கூட "தாங்கள் வாயைத் திறப்பீர்களா?" என்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். உர்சுலா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படித்தான் அவள் எனக்குத் தோழியானாள். பறவைப் பைத்தியம் இரண்டு பேருக்கும் பொது என்று பிறகு தெரிந்தது.

கண் டாக்டர் என்னைச் சும்மா விடவில்லை. நீளமாகச் சோதித்தார். கடைசியில் கேட்டார்: "உங்கள் பெற்றோர் ஒருவருக்கொருவர் சொந்தமா?"

"ஆமாம். அம்மா அப்பாவுக்குத் தாய்மாமன் மகள்" என்றேன். அவர் முகம் மாறியதும், அவர் அதைச் சரியில்லாத கல்யாணம் என்று நினைக்கிறார் போல என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "முறைப்படி நடந்ததுதான் டாக்டர். பங்குச் சாமியார் எழுதிக் கேட்டு, மறைமாவட்ட ஆயரிடம் தனி அனுமதி வாங்கித்தான் கோயிலில் கல்யாணத்தை மந்திரித்தார்கள்" என்று வேகமாகச் சொன்னேன். எங்கள் பக்கம் சொந்தத்தில் கட்டுகிற கத்தோலிக்கர்கள் எல்லோரும் வாங்குகிற அனுமதி அது. அது இருந்துவிட்டால் வேறு யாரும் எதுவும் சொல்ல முடியாது என்று வளர்ந்தவள் நான்.

டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆயர் அனுமதித்திருக்கலாம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அண்ணனுக்கு வந்ததேதான். எனக்கு மெதுவாக வருகிறது, அவ்வளவு வித்தியாசம். லைசென்ஸ் கிடையாது. ஆஸ்பத்திரியில் நானே போய்ச் சொன்னேன். அண்ணனைச் சொல்லத் தெரிந்த வாய்க்கு என்னைச் சொல்லத் தெரியாதா? ராத்திரி டியூட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பகலில் எத்தனை வருடம் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரமே உர்சுலாவோடு வாத்து பார்க்கப் போனேன். என்னோடு ஒரே கப்பலில் வந்த திருச்சிக்காரி ஸ்டெல்லாவின் மகளும் பின் ஸீட்டில் இருந்தாள். இங்கேயே பிறந்த குழந்தை. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அம்மா தமிழில் பாடினால் காதைப் பொத்திக்கொள்வாளாம்.

பொழுது இறங்கும் நேரத்தில்தான் வாத்துகள் புல்வெளியைவிட்டு ஆற்றுக்குத் திரும்பும். முதலில் சத்தம் வரும், ஒரே நேரத்தில் ஆயிரம் கதவுகள் கிறீச்சிடுகிற மாதிரி. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரிலிருந்து இறங்கி, அண்ணாந்து தேடினேன். சாம்பல் வானம்தான் இருந்தது.

"அங்கே! அத்தை, அங்கே! பாருங்கள்!" என்று குழந்தை ஜெர்மனில் கத்தினாள். என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "இல்லை, இந்தப் பக்கம்! உங்கள் தலைக்கு மேலேயே!"

"தெரியுது கண்ணு, தெரியுது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. காருக்குள் இருந்த உர்சுலா ஸ்டியரிங்கின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. நான் வானத்தின் எந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரிந்தது.

5

ஜனவரியில் லீவு எடுத்து ஊருக்கு வந்தேன். நான் கிளம்பிப் போய் ஏழு வருடமாகியிருந்தது. நடுவில் ஒரு தடவை வந்தபோதும் அண்ணன் என்னிடம் "சாப்ட்டியா?" என்பதற்கு மேல் பேசியதில்லை. எந்த மண்டி லாரியை ஓட்டினானோ அதே மண்டியில் இப்போது மூட்டை தைக்கிறான். கோணி ஊசியும் சணலும் இருந்தால் போதும், விரலே வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. கல்யாணப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எனக்குத்தான் எடுத்திருந்தார்கள். சேலத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குடும்பம். அந்த மனிதருக்கு நான் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. என்ன காரணம் என்று அம்மாவுக்குத் தெரியாது.

அண்ணனிடம் நானே நேரில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். எப்படிச் சொல்வது, அவன் என்ன செய்வான் என்பதுதான் தெரியவில்லை. "நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டால்? அதை வாங்கிக்கொள்ளவும் தயாராகத்தான் இருந்தேன்.

லாரியை இப்போது மாதையன் ஓட்டுகிறான். லோடு ஏற்றும்போது கேட்டேன், நானும் வரட்டுமா என்று. "நீ வா பாப்பா. அண்ணனையும் இழுத்துக்கிட்டு வா" என்றான்.

"குருடனுக்கு என்னாத்துக்குடா பெங்களூரு?" என்றான் அண்ணன், ஊசியிலிருந்து கையை எடுக்காமல்.

"வழியில தூக்கம் வருதுண்ணே. பேச்சுத் தொணைக்குக் கூப்புடறேன். ரொம்பத்தான் பிகு பண்ற" என்று மாதையன் அவன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். ஜன்னலோரம் அண்ணன், நடுவில் நான். கிருஷ்ணகிரி வரை மாதையன் ஒருவன்தான் பேசிக்கொண்டு வந்தான்.

சூளகிரியில் டீ குடிக்க இறங்கினோம். கடைக்காரர் எங்களிடம் தமிழிலும் மனைவியிடம் தெலுங்கிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். மாதையன் டயரைத் தட்டிப் பார்க்கப் போனான். அண்ணனை வெயில் படாத பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, எனக்கும் வந்துடுச்சு."

"என்னா வந்துடுச்சு?"

"கண்ணு."

டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினான். நான் வாங்கி வைத்தேன்.  பிறகு சத்தத்தைத் தணித்துக்கொண்டு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான்.

"இன்னும் இல்ல."

"சொல்லாத. ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. அந்தச் சேலத்துக்காரங்க வூட்ல மட்டும் மூச்சு விட்டுடாத, என்னா? பகல்ல நல்லாத் தெரியுது இல்ல? போதும். கல்யாணம் முடியட்டும். அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்."

"நீயா அண்ணா இதைச் சொல்ற? உன்னைக் காட்டிக் குடுத்தவ நானு."

"அதனாலதான் சொல்றேன்! நான் பட்டது எனக்குத்தான் தெரியும். நீயும் படணுமா?" அவன் குரல் உடைந்துபோயிற்று. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எழுதிப் போட்டுட்டேன் அண்ணா. அந்த வாத்தியாருக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன்."

பெஞ்சைக் கையால் ஓங்கி அறைந்தான். "பைத்தியம். பைத்தியக்காரி. எதுலயும் அவசரம். பொறந்ததுலருந்தே அவசரம் உனக்கு." திட்டிக்கொண்டே இருந்தான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. ஏழு வருடமாக எனக்காகச் சேர்த்து வைத்திருந்த திட்டு அது. இப்போது அதை வேறொன்றுக்காகத் திட்டித் தீர்த்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டான்: "இப்ப எவ்வளவு இருக்குது உனக்கு?"

இரண்டு கையையும் விரித்து ஒரு முறத்தின் அகலத்தைக் காட்டினேன். அவனுக்கு அது தெரியாது என்று ஞாபகம் வந்து, அவன் கைகளை எடுத்து என் கைகளின்மேல் வைத்தேன். தடவி அளந்து பார்த்தான்.

"பரவால்ல. எனக்கு இம்புட்டுத்தான்" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் செய்தான். பழைய நாலணாக் காசு புகுந்து வரும். "நெசமாத்தான். வெளிச்சத்துல இந்த ஓட்டைக்குள்ள எல்லாம் சுத்தமாத் தெரியும். இங்க திரும்பு. வெயிலுக்கு நேரா வா."

பெஞ்சிலிருந்து இறங்கி வெயிலில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். அண்ணன் என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினான். நெற்றி. ஒரு புருவம். மூக்கு. அங்கிருந்து நழுவி, காதுக்குப் போய், மறுபடியும் தேடி வந்தான். இன்னொரு கண்.

"எளச்சிட்டடி" என்றான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வராத நாளிலிருந்து அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தான். ஒரே பார்வையில் அவனால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. அதனால் ரொம்ப நேரம் பார்த்தான். லாரியிலிருந்து மாதையன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். நாங்கள் எழுந்திருக்கவில்லை.